தெற்கு இத்தாலி கிராமப்புறம்: இருவர், ஒரு கார், 14 இரவுகள். வழித்தடம் பார்த்துச் சொல்லுங்கள்

மலைக்கோவிலடி | காத்ர் போர்ன், மொரிஷியஸ்

வணக்கம். ஜூன் 24 அன்று மனைவியும் நானும் இத்தாலியில் இறங்குகிறோம். ஜூலை 8 அன்று திரும்ப வேண்டும். அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இல்லை. ஒலிவத் தோப்பு, கல்வீடு, சின்ன ஊர்ச் சந்தை, மாலையில் கடல், இவ்வளவுதான் ஆசை. இருவருக்கும் ஐம்பது கடந்துவிட்டது. இருவருமே ஓட்டுவோம், ஆனால் இடப்பக்கச் சாலையில் மட்டுமே பழகிய கை.

இப்போது போட்டிருக்கும் கணக்கு இது: ரோமில் இறங்கி அங்கேயே வாடகைக் கார். ரோம் 2 இரவு, நேப்பிள்ஸ் 1, அமால்ஃபி 2, மத்தேரா 2, அல்பெரோபெல்லோ 2, லெச்சே 2, ஒத்ராந்தோ 1, திரும்பும் வழியில் பாரி 1, ரோம் 1.

இது தாங்குமா? சர்வதேச ஓட்டுநர் உரிமம் கட்டாயமா? பழைய ஊர்களுக்குள் தெரியாமல் நுழைந்து, வீடு திரும்பிய பிறகு அபராதக் கடிதம் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அதை எப்படித் தவிர்ப்பது? மனைவி முழுச் சைவம். பால், சீஸ் சாப்பிடுவார், முட்டை கிடையாது. அந்தப் பக்கம் சமாளிக்க முடியுமா?

போ பாசான் | மொரிஷியஸ்

வணக்கம் ஐயா. அதிகம்தான். 14 இரவில் 9 படுக்கை என்றால் 8 முறை பெட்டி கட்ட வேண்டும். ஊர் மாறும் நாளை அரை நாளாகக்கூடக் கணக்கில் எடுக்காதீர்கள். காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் சாவி 3 அல்லது 4 மணிக்குத்தான் கிடைக்கும். இடையில் உள்ள நேரம் முழுக்க உச்சி வெயில். கடைகள் சாத்தியிருக்கும். பெட்டிகள் காரில் கிடப்பதால் காரை விட்டுத் தள்ளிப் போகவும் மனம் வராது.

ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி மூன்றையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரோமில் கார் ஒரு சுமை. அமால்ஃபிக் கரையோரச் சாலையில் கோடையின் பல நாட்களில் கார் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் வெளியூர் வண்டிகளை விடுவார்கள். எதிரே பேருந்து வந்தால் வளைவில் பின்னுக்கு எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. நீங்கள் கேட்கும் தோப்பு, கல்வீடு, சந்தை, கடல் நான்கும் பூலியா மாநிலத்திலேயே கிடைக்கும். விமானச் சீட்டைப் பாரி வரை ஒரே சீட்டாக எடுங்கள். துபாய் வழியாகவோ பாரிஸ் வழியாகவோ ரோம், அங்கிருந்து ஒரு மணி நேரப் பறப்பில் பாரி. ஒரே சீட்டானால் முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

என் வரிசை இப்படி இருக்கும்.

முதல் இரவு பாரி, கார் இல்லாமல். நேர வித்தியாசம் கோடையில் 2 மணிதான், உடம்பு உடனே பழகிவிடும். தூக்கமில்லாத கண்ணோடு வலப்பக்கச் சாலையில் முதல்முறை ஏறுவதுதான் ஆபத்து. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் ஓடுகிறது. மறுநாள் காலை அதே ரயிலில் திரும்பிப் போய்க் காரை எடுங்கள்.

அடுத்த 6 இரவு இத்ரியா பள்ளத்தாக்கு. லோகோரோத்தோந்தோ அல்லது மார்த்தீனா ஃப்ராங்கா அருகில் வீடு. அல்பெரோபெல்லோவுக்குள் வேண்டாம். அதன் த்ருல்லி என்ற கூம்புக் கூரைக் கல்வீடுகள் 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் பகல் முழுக்கப் பேருந்துக் கூட்டம். லோகோரோத்தோந்தோவிலிருந்து அது 9 கி.மீ.தான், காலை 8 மணிக்குப் போய் 10 மணிக்குள் திரும்பிவிடலாம். பாரி விமான நிலையத்திலிருந்து லோகோரோத்தோந்தோ சுமார் 80 கி.மீ., ஒன்றேகால் மணி. இந்த ஊர்கள் கடலிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் காற்று இறங்கும். கடலுக்கும் 30 கி.மீ.க்குள்தான்.

பிறகு 4 இரவு ஒத்ராந்தோ பக்கம். இத்ரியாவிலிருந்து 140 கி.மீ.க்குள். ஒத்ராந்தோவிலிருந்து தென்கோடியான லேயூகா வரை பாறைக் கரையை ஒட்டிப் போகும் சாலை சுமார் 50 கி.மீ. அதை ஒரு முழுக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விரைந்து முடிக்கும் சாலை அல்ல. லெச்சேயை இங்கிருந்தே ஒரு மாலையில் பார்க்கலாம்.

கடைசி 3 இரவு மத்தேரா. ஒத்ராந்தோவிலிருந்து சுமார் 220 கி.மீ., மூன்று மணி. பயணத்தில் இதுதான் நீளமான ஓட்டம், காலை 7 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மத்தேராவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அங்கிருந்து பாரி விமான நிலையம் 65 கி.மீ.தான். இன்னொன்றும் உண்டு. ஜூலை 2 அன்று மத்தேராவில் புரூனா மாதா திருவிழா. காகிதக்கூழில் செய்த தேரை இரவில் மக்களே பிய்த்தெடுக்கும் விழா. அன்று சாலைகள் அடைபடும், அறை விலை ஏறும். இந்த வரிசையில் போனால் ஜூலை 5 அன்றுதான் அங்கே சேருவீர்கள்.

ஒலிவ மரம் பார்ப்பதுதான் முதல் ஆசையென்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். சைலெல்லா என்ற பாக்டீரியா நோய் 2013இல் கல்லிபோலி பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, லெச்சே மாவட்டத்தில் தோப்பு தோப்பாக மரங்களைக் காயவைத்துவிட்டது. ஒத்ராந்தோ, லேயூகா பக்கம் சாம்பல் நிற எலும்புக்கூடாக நிற்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். மனம் கனக்கும். முறுக்கிய அடிமரத்தோடு நிற்கும் பழம்பெரும் மரங்களுக்கு மோனோப்போலி, ஃபசானோ, ஒஸ்தூனி இடையிலான சமவெளிதான் இடம். அதனால்தான் இத்ரியாவுக்கு 6 இரவு கொடுத்தேன்.

கரும்புத்தோட்டம் | சான்-பியேர், ரியூனியன்

வழித்தடம் நன்றாக இருக்கிறது. வலப்பக்கம் ஓட்டுவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் தீவில் அதுதான் வழக்கம், மொரிஷியஸிலிருந்து வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் ஏறிவிடுவோமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நெரிசலான சாலையில் அது நடக்காது, மற்ற வண்டிகளே வழிகாட்டும். ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்கும்: பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, பண்ணை வீட்டு வாசலிலிருந்து காலையில் முதல்முறை திரும்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழியாகும் இடத்தில். இந்த மூன்றிலும் பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டு "வலது ஓரம்" என்று சொல்வதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் நினைவில் வைக்க ஒரே குறி: சாலையின் நடுக்கோடு எப்போதும் என் தோளுக்குப் பக்கத்தில்.

உண்மையில் அதிகம் நடப்பது வேறு. வலப்பக்கம் உரசுவது. வண்டியின் வலது இருக்கையில் உட்கார்ந்து பழகியவர் தன் உடம்பைத் தடத்தின் வலது பாதியில் வைக்கப் பழகியிருப்பார். இடது இருக்கையில் உட்கார்ந்தும் அதே பழக்கத்தில் ஓட்டினால் வண்டி முழுவதும் வலது ஓரம் தள்ளிப் போகும். இத்ரியா பக்கத்துச் சந்துச் சாலைகளில் இரண்டு புறமும் சாந்து பூசாத கல்சுவர். கண்ணாடி போகும், கதவு போகும். எல்லாவற்றுக்கும் மேலே டயரின் பக்கச்சுவர் கிழியும். வலது பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி, பின்சக்கரமும் ஓரக் கோடும் தெரியும்படி வைத்து ஓட்டுங்கள். முதல் நாள் மட்டும் போதும், கண் பழகிவிடும்.

ரவுண்டானாவில் சுற்று இடஞ்சுழி. இடப்பக்கம் பார்த்து, ஏற்கெனவே உள்ளே சுற்றி வருகிறவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும். உங்கள் ஊர் ரவுண்டானாக்களுக்கு நேர் எதிர். பலகையே இல்லாத கிராமச் சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. சின்னச் சாலையிலிருந்து டிராக்டர் வந்தாலும் அப்படித்தான்.

ஜப்பான் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம். சிக்னல் போடும் குச்சி இங்கே இடது கையில். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும். பதறிப்போய்க் கீழே பார்க்காதீர்கள். கியர் வலது கையில். கியர் மாற்றும் நேரத்தில் சாலையிலிருந்து கண் எடுப்பதாக இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து ஆட்டோமேட்டிக் எடுங்கள். அந்த வண்டிகள் குறைவு, கோடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சவான் கடலோரம் | மொரிஷியஸ்

சர்வதேச உரிமத்துக்கு அலைய வேண்டாம். வாடகைக் கவுன்டரில் பெரும்பாலும் கேட்பதில்லை. நம் உரிமத்தில் ஆங்கிலம் இருக்கிறது, அது போதும்.

துறைமுக வீதி | போர்ட் லூயி, மொரிஷியஸ்

மன்னிக்கவும், இதை அப்படியே விட முடியாது. கவுன்டரில் கேட்கவில்லை என்பதும் சட்டத்துக்குத் தேவையில்லை என்பதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமத்தோடு சர்வதேச அனுமதி அல்லது அதிகாரபூர்வ இத்தாலிய மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும் என்பது இத்தாலியச் சாலைச் சட்டம். வழியில் காவலர் நிறுத்தினால் அபராதம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதையே காரணமாகக் காட்டலாம். நம் ஊரில் காவல்துறையிடம் விண்ணப்பித்து வாங்கலாம். மூல உரிமமும் அனுமதியும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் செல்லாது. இருவரும் ஓட்டுவதால் இருவருக்கும் எடுங்கள், இரண்டாம் ஓட்டுநர் பெயரை வாடகை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது காப்பீடு இல்லை என்றே அர்த்தம்.

விசா தேவையில்லை, மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள் அனுமதி. ஆனால் 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவில் முதல்முறை போகிறவர்களிடம் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அது நடப்பது முதலில் இறங்கும் பாரிஸிலோ ரோமிலோ. அங்கே மாறும் விமானத்துக்கு 3 மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுங்கள்.

கார் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. முன்பணம் பிடித்து வைக்க முதல் ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது, அல்லது அவர்களுடைய விலையுயர்ந்த காப்பீட்டையும் வாங்கச் சொல்வார்கள். கார்டின் வரம்பை நம் வங்கியில் கேட்டு முன்பே உயர்த்தி வையுங்கள். சேதத்தில் நாம் கட்டவேண்டிய பங்கு ஒப்பந்தத்தில் ஃபிரான்கீஜா என்று இருக்கும், பிரெஞ்சில் ஃபிரான்ஷீஸ் என்பதுதான். அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலும் சேராது. கல்சுவர் சாலையில் அடிபடுவது இந்த மூன்றுதான். அதனால் இவற்றையும் சேர்க்கும் காப்பீட்டை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஃபியட் பாண்டா அளவு போதும். பெரிய வண்டி இலவசமாகத் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: பல வண்டிகளில் ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டை அடைக்கும் மருந்துப் புட்டிதான் இருக்கும். ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. சிறு ஸ்டெப்னிக்கு இத்தாலியில் ருவொத்தீனோ என்று பெயர், அந்தச் சொல்லால் கேளுங்கள். வண்டியை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும், ரிம்களும், எரிபொருள் முள்ளும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஒளிரும் மேற்சட்டை பின் டிக்கியில் இல்லாமல் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். ஊருக்கு வெளியே வண்டி நின்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும்.

இப்போது அபராதக் கடிதம். பழைய ஊர் நடுப்பகுதிகளில் வெளி வண்டிகளுக்குத் தடையுள்ள பகுதியை ஸெட்-டி-எல் என்பார்கள். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கீழே நேரம். வாசலில் கேமரா. பலருக்கு வினை வைப்பது பக்கத்தில் உள்ள ஒளிப்பலகை. "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் "வாசல் செயல்படுகிறது, உள்ளே போகலாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். பொருள் நேர் எதிர்: கேமரா வேலை செய்கிறது, நுழையாதே. நடுவில் "நோன்" என்ற சொல் சேர்ந்து "வார்கோ நோன் அத்தீவோ" என்றிருந்தால்தான் நுழையலாம். வழி தவறி நுழைந்தாலும் அபராதம்தான். முதலில் வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். உண்மையான அபராதம் பல மாதம் கழித்துத் தபாலில் வரும். கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு தள்ளுபடி.

தவிர்க்கும் வழி எளிது: ஒஸ்தூனி, லெச்சே, பொலிஞ்ஞானோ, மத்தேரா, எந்தப் பழைய ஊரானாலும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். தங்கும் விடுதி தடைப்பகுதிக்குள் இருந்தால் கார் எண்ணை முன்பே அனுப்பிப் பதிவு செய்யச் சொல்லி, பதிவாயிற்று என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தரையில் நீலக் கோடு என்றால் பணம் கட்டும் நிறுத்தம், வெள்ளை இலவசம், மஞ்சள் குடியிருப்போருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டை முன்கண்ணாடியில் வைக்க வேண்டும்.

மலைக்கோவிலடி | காத்ர் போர்ன், மொரிஷியஸ்

எல்லோருக்கும் நன்றி. ரோம், அமால்ஃபி இரண்டையும் எடுத்துவிட்டேன், பாரி வரை ஒரே சீட்டு பார்க்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். சுங்கச் சாவடியிலும் பெட்ரோல் பங்கிலும் மொழி தெரியாமல் என்ன செய்வது? பகல் வெயில் உண்மையில் எப்படி? சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

போ பாசான் | மொரிஷியஸ்

சுங்கம் பற்றிக் கவலை வேண்டாம் ஐயா. பாரியிலிருந்து ஃபசானோ, பிரிந்தீசி, லெச்சே வரை போகும் நான்குதடச் சாலைக்குக் கட்டணமே இல்லை. பச்சைப் பலகை இருந்தால்தான் கட்டணச் சாலை, நீலப் பலகை சாதாரணச் சாலை. தவறி ஏறினால் நுழையும்போது சீட்டு எடுங்கள், வெளியே வரும்போது கையும் காசும் வரைந்த வெள்ளைப் பலகைத் தடத்தில் போங்கள். மஞ்சள் நிற டெலிபாஸ் தடம் கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும். அதில் மாட்டிக்கொண்டால் எக்காரணம் கொண்டும் பின்னுக்கு எடுக்காதீர்கள், அது மிகப் பெரிய குற்றம். உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு அச்சாகித் தடுப்பு திறக்கும். அந்தத் தொகையை 15 நாளுக்குள் கட்டலாம்.

வேக வரம்பு: கட்டணச் சாலையில் 130, மழையில் 110. நடுவில் தடுப்புள்ள நான்குதடத்தில் அதிகபட்சம் 110, ஆனால் பல இடங்களில் பலகை 90 என்று சொல்லும். மற்ற கிராமச் சாலை 90, ஊருக்குள் 50. ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும்.

பெட்ரோலுக்கு பென்சீனா, டீசலுக்கு காஸோலியோ என்று பெயர். பெயர் குழம்பினால் மூடியின் உட்பக்கம் பாருங்கள்: வட்டத்துக்குள் எழுத்து என்றால் பெட்ரோல், சதுரம் என்றால் டீசல். பம்பிலும் அதே குறி. ஒரே பங்கில் இரண்டு விலை இருக்கும். "சர்வீத்தோ" தடத்தில் ஆள் வந்து ஊற்றுவார், விலை கூடுதல். கிராமத்தில் மதியமும் ஞாயிறும் ஆள் இருக்க மாட்டார், முன்கூட்டியே பணம் செலுத்தும் இயந்திரம்தான். கார்டு போட்டால் 100 யூரோவோ அதற்கு மேலோ பிடித்து வைத்து, ஊற்றியது போக மிச்சத்தைச் சில நாளில் விடுவிக்கும். நோட்டு போட்டால் மீதி தராது. அதனால் 20 யூரோ நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், பாதி டாங்க் ஆனதுமே காலை நேரத்தில் நிரப்பிவிடுங்கள்.

கைப்பேசி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அது குறுக்குவழி என்று சொல்லி வண்டி அகலமே உள்ள கல்சுவர்ச் சந்துக்குள் இழுத்துவிடும். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கப்போய்க் கதவு முழுக்கக் கோடு விழும். பலகையில் எஸ்.எஸ். அல்லது எஸ்.பி. என்று எண் போட்ட சாலையை விட்டு இறங்காதீர்கள், கடைசி ஒரு கி.மீ.க்கு மட்டும் வீட்டுக்காரர் அனுப்பும் வழியைக் கேளுங்கள். வீட்டு விளம்பரத்தில் சி-ஐ-என் என்ற அடையாள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம், இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

டர்பன் மல்லி | குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

சைவமும் வெயிலும் என் பங்கு. முதலில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: நமக்கு ஷெங்கன் விசா வேண்டும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டோடு. 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு அப்படிச் செய்வதே நல்லது. சர்வதேச உரிமம் ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்க அலுவலகத்தில் வாங்கலாம்.

அண்ணா, அங்கே ஜூலை வெயில் 32, 33 என்று சாதாரணமாகப் போகும். தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று அடிக்கும் நாளில் 40ஐத் தொடும். அந்த ஊர் மக்களே மதியம் 1 மணி முதல் 4:30 அல்லது 5 வரை கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடை, கோயில், பெட்ரோல் பங்கு எல்லாம். அதை எதிர்த்து ஓட்டாமல் நாளையே அதற்கேற்ப மடித்துக்கொள்ளுங்கள். சூரியன் ஐந்தரைக்கு முன்பே உதிக்கும், எட்டரை மணியளவில்தான் மறையும். காலை 7 முதல் 12 வரை ஓட்டம், சந்தை, ஊர். 12:30க்குச் சாப்பாடு. பிறகு வீடு, தூக்கம். 5:30க்குக் கடல். எட்டரைக்கு மேல் இரவு உணவு, அதற்கு முன்னால் பல சமையலறைகள் திறக்கவே திறக்காது. சந்தை காலையில் மட்டும்தான்: மார்த்தீனா ஃப்ராங்கா புதன், லோகோரோத்தோந்தோ வெள்ளி, ஒஸ்தூனி சனி.

காரில் எப்போதும் 3 லிட்டர் தண்ணீர். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, புகைக்குழாயின் சூட்டிலேயே தீ பிடிக்கும். ஜூன், ஜூலையில் கோதுமை அறுத்த தாள் வயல் எல்லாம் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும்.

வீடு பிடிக்கும்போது த்ருல்லி வீட்டு ஆசை இருந்தால் எடுங்கள், ஆனால் கேட்டு எடுங்கள். சாந்தில்லாமல் அடுக்கிய தடித்த சுவர் பகல் சூட்டை உள்ளே விடாது. ஜன்னல் மிகச் சிறியது என்பதால் ஈரமும் வெளியே போகாது. குளிரூட்டி, கொசுவலை, நிமிர்ந்து நிற்கக்கூடிய குளியலறை மூன்றும் உண்டா என்று கேளுங்கள். மஸ்ஸெரீயா என்ற பழைய மதில் சூழ்ந்த பண்ணை வீடுகளில் இரவு உணவும் சேர்த்துத் தருவார்கள். ஒரு கிண்ணம் ஒயின் குடித்தாலும் அதற்குப் பிறகு ஓட்ட வேண்டியதில்லை. அங்கே வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்.

கடலுக்கு ஒரு விதி போதும். அந்த நிலம் குதிகால் மாதிரி நீண்டு இருப்பதால் இரண்டு பக்கமும் கடல். வடகாற்று த்ரமொந்தானா அடித்தால் மேற்கே அயோனியக் கரைக்குப் போங்கள், தண்ணீர் தட்டாகக் கிடக்கும். தெற்குக் காற்று சிரோக்கோ அடித்தால் கிழக்கே அத்ரியாட்டிக் பக்கம். ஒத்ராந்தோவில் தங்கினால் மறு கரை ஒரு மணி ஓட்டத்துக்குள்தான். காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள், முன்கூட்டியே கடற்கரைக் குடைக்குப் பணம் கட்டாதீர்கள்.

இனி சாப்பாடு. பூலியாவின் ஏழை வீட்டுச் சமையலே சைவம். அண்ணி முதல் நாளே கேட்க வேண்டியது ஃபாவே எ சிக்கோரியா. தோல் நீக்கிய காய்ந்த அவரைப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, பக்கத்தில் கசப்புக் கீரையை வேகவைத்து வைத்து, மேலே ஒலிவ எண்ணெய். நம் பருப்புக்கீரை சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. ஒரேக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவை "சீமே தி ராப்பா" கீரையோடு கேட்கச் சொல்லி எல்லோரும் எழுதுவார்கள். வேண்டாம். அதில் நெத்திலி மீன் கரைத்திருக்கும், அந்தக் கீரையும் குளிர்காலப் பயிர். கோடையில் தக்காளியும் காச்சோரிகோத்தா சீஸும் போட்ட ஒரேக்கியெத்தே கேளுங்கள். முட்டையில்லாத பாஸ்தா அது, கோதுமை ரவையும் தண்ணீரும்தான். காய்ந்த ரொட்டியை நனைத்துத் தக்காளி போட்ட ஃப்ரீசே, பாரி ஃபொகாச்சா, அல்தமூரா ரொட்டி, ஆந்த்ரியாவின் புர்ராத்தா, வறுத்த கத்தரிக்காய், கொண்டைக்கடலைச் சூப் எல்லாம் கிடைக்கும்.

கேட்டுத் தெளிய வேண்டியவை: சூப்பில் "ப்ரோதோ தி கார்னே", அதாவது இறைச்சிச் சாறு, உண்டா? ரொட்டி, தரல்லி என்ற மொறுமொறு வளைய வகைகளில் "ஸ்த்ருத்தோ", பன்றிக்கொழுப்பு, உண்டா? சீஸைப் பொறுத்தவரை பர்மஜானோ, பெக்கோரினோ போன்றவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றுச் சாறு சேர்க்கிறார்கள். புர்ராத்தாவிலும் பெரும்பாலும் அதுதான். அண்ணி அதையும் தவிர்ப்பவர் என்றால் சீஸே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. சிஸ்தெர்னீனோ ஊருக்கு இரவு உணவுக்குப் போகாதீர்கள். இறைச்சிக் கடையிலேயே சுட்டுக் கொடுப்பதுதான் அந்த ஊரின் பெயர், தெரு முழுக்க அந்தப் புகை. காலையில் போய் வெள்ளைச் சுவர்ச் சந்துகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கரும்புத்தோட்டம் | சான்-பியேர், ரியூனியன்

40 டிகிரி உடம்புக்கு ஆகாது என்றால் ஒரு மாற்று. தென் பிரான்சில் தார்ன் பள்ளத்தாக்குக்கு மேலே கோஸ் மெஜான் மேட்டு நிலம், சுமார் 1,000 மீட்டர் உயரம். பகலில் வெயில் இருந்தாலும் இரவில் போர்வை கேட்கும். மொரிஷியஸ்காரர்களுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் மருந்துக்கடையிலும் பணிமனையிலும் பேசிவிடலாம். சனிக்கிழமைகளில் மட்டும் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். பிசோன் ஃபுயூத்தே என்ற அரசு நெரிசல் முன்னறிவிப்பு சிவப்பு, கறுப்பு என்று காட்டும் நாள் பெரும்பாலும் அதுதான். ஆனால் கடல் வேண்டுமென்றால் பூலியாதான்.

மலைக்கோவிலடி | காத்ர் போர்ன், மொரிஷியஸ்

கடல் வேண்டும் என்கிறார் வீட்டில். ஆக பாரி 1, லோகோரோத்தோந்தோ பக்கம் 6, ஒத்ராந்தோ 4, மத்தேரா 3. மத்தேராவில் காரை எங்கே விடுவது, அங்கிருந்து ஒரு நாள் மலைப்பக்கம் போகலாமா, இவ்வளவு மட்டும் சொல்லிவிடுங்கள்.

துறைமுக வீதி | போர்ட் லூயி, மொரிஷியஸ்

பாறைக் குடைவு வீடுகள் உள்ள சாஸ்ஸி பகுதிக்குள் கார் கூடாது, கேமரா உண்டு. மேலே புதிய ஊரில் கட்டண நிறுத்தத்தில் விட்டு, ஒரு சிறு பையோடு இறங்குங்கள். எல்லாம் படிக்கட்டு, சக்கரப் பெட்டி உருளாது. பெரிய பெட்டிகள் காரிலேயே இருக்கட்டும், ஆனால் ஆள் காவல் உள்ள மூடிய நிறுத்தமாகப் பாருங்கள். சாஸ்ஸி கிழக்கு நோக்கிய பள்ளத்தாக்குச் சரிவு. எதிர்க்கரை முர்ஜா திமோனே பார்வை மேட்டுக்குக் காலை 6 மணிக்குப் போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஊர் முழுவதையும் பொன்னாக்கும்.

மலைக்கு காஸ்தெல்மெத்சானோ. பாறைக் கூர்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்ட ஊர், சுமார் 80 கி.மீ. பசென்தோ பள்ளத்தாக்குச் சாலை எஸ்.எஸ்.407 வரை நல்ல வேகம், அதைவிட்டு ஏறும்போதுதான் வளைவும் பாறையைக் குடைந்த சுரங்கமும். இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி மணம் வரும். எதிரே உள்ள பியெத்ராபெர்த்தோசாவுக்கும் போகலாம். இரண்டையும் 11 மணிக்குள் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்தால், மத்தேராவுக்குத் திரும்பும்போது மணி 4 ஆகியிருக்கும். ஜூலை 8 காலை காரைத் திருப்பும் முன் விமான நிலையத்தை ஒட்டிய பங்கில் டாங்க் நிரப்பி, அந்த ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.